பேராசிரியர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ்

தரவு விஞ்ஞானம் என்னும் பெயர் இன்று எங்கும் அடிபடுகின்றது. அப்பெயர் வழங்குதற்குப் பல்லாண்டுகட்கு முன்னரே அத்துறைக்குக் கல்கத்தா நகரிலே கால்கோள் செய்தவர் பேராசிரியர் மகலனோபிஸ். 1893ஆம் ஆண்டு யூன் 29ஆந் திகதி பிரம சமாசக் குடும்பமொன்றிற் பிறந்த அவர், பிறெசிடென்சிக் கல்லூரியிற் பௌதிகம் பயின்று, 1913இல் கேம்பிறிட்ஜ் சென்றார்.

ஆங்கே கணிதமேதை இராமாநுஜனின் நட்பு வாய்த்தது. இரவிற் குளிர் தாங்க முடியவில்லையென இராமாநுஜன் வருந்த, இவர் அவருடைய படுக்கையைச் சென்று நோக்கினார். கம்பளிகள் மெத்தையின் கீழ் இறுகச் செருகப்பட்டிருந்தன. அவற்றை விலக்கி உள்ளே படுத்தல் வேண்டும் என்பதை அம்மேதை அறிந்திலர்! குறையைக் கேட்டு ஆறுதல் கூறி அமையாது, நேரிற் சென்று பார்த்தறியும் இவ்வியல்பே மகலனோபிஸின் பிற்காலத் தொண்டிற்கு வித்தாயிற்று என்பது எமது துணிபு.

உலகப்போர் காரணமாகத் தாயகம் திரும்பும் பயணம் தாமதித்தது. அவ்விடைநாளிற் கல்லூரி நூலகத்திலே பயோமெற்றிக்கா என்னும் ஆராய்ச்சி ஏட்டின் தொகுதிகளைக் கண்டார்; விலைக்கு வாங்கிக் கப்பலிலேயே படிக்கத் தொடங்கினார். பௌதிக ஆசிரியர் புள்ளிவிபர அறிஞரானமை இவ்வாறே.

1926இல் ஒறிசாவிலே பெருவெள்ளம் ஊர்களை அழித்தது. ஆற்றுப்படுகை உயர்ந்துவிட்டமையாற் கரைகளையும் உயர்த்துதல் வேண்டுமெனப் பொறியியலாளர் கூறினர். மகலனோபிஸோ அறுபதாண்டுக் கணக்குகளை ஆராய்ந்து, படுகை அவ்வாறு உயரவில்லை என்றும், மேற்பகுதியில் அணை கட்டுதலே தக்கதென்றும் காட்டினார். அவர் சொல் பிழைத்திருப்பின் ஆற்றோரக் குடியானவரன்றோ அழிந்திருப்பர்!

1931 திசெம்பர் 17இல் இந்தியப் புள்ளிவிபர நிறுவனம் தோன்றியது. கல்லூரியில் அவர் பணிபுரிந்த அறையே அதன் முதலிடம். 1933இல் தொடங்கிய அதன் ஏட்டிற்குச் சங்கியா என்று பெயரிட்டார். அவ்வடசொல் எண்ணையும் தெளிந்த அறிவையும் ஒருங்கே குறிக்கும். எண், எண்ணம் என நம் மொழியிலும் இவ்வுறவு உண்டு. 1936இல் அவர் வகுத்த தூர அளவை, பல பண்புகளை ஒருங்கே நோக்கி, அவற்றிடையேயுள்ள தொடர்பையும் கணித்து, இரு கூட்டங்களின் வேறுபாட்டை அளப்பது. இன்றைய கணினிகளும் கூட்டத்தொடு பொருந்தாத தரவைக் கண்டறிய அதனைக் கையாளுகின்றன.

வங்காளச் சணற் பயிரை மதிப்பிட, குலுக்கல் முறையாலே சில நிலங்களை மட்டும் தெரிந்து அளந்தார். சில வயல்கள் நாடு முழுவதற்கும் சான்றாகுமோ என ஐயுற்றோர் பலர். அவரோ மாதிரியை இரு கூறாக்கி, தனித்தனிக் குழுவினரைக் கொண்டு அளப்பித்து, இரு விடைகளையும் ஒப்பிட்டுக் காட்டினார். செலவும் வெகுவாகக் குறைந்தது. 1950இல் தொடங்கிய தேசிய மாதிரி மதிப்பீடு இதன் வழிவந்ததே.

இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்திற் (1956–61) கனரகத் தொழிலுக்கு அவர் முதன்மை கொடுத்தார். வேளாண்மை பின்தள்ளப்பட்டது என்ற குறை எழுந்தது. அது முற்றும் பொய்யென்று கூறற்கில்லை.

ஆர். சி. போஸ், எஸ். என். றோய், சி. ஆர். ராவ் முதலிய பேரறிஞர் அவர் நிழலில் வளர்ந்தனர். 1959இல் இந்தியப் பாராளுமன்றம் அந்நிறுவனத்தைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்ததெனச் சட்டஞ் செய்தது. எழுபத்தொன்பது வயது நிறைய ஒரு நாளே எஞ்சியிருக்க, 1972 யூன் 28இல் மகலனோபிஸ் காலமானார். அவர் பிறந்த நாளை 2007 தொடக்கம் இந்தியா புள்ளிவிபர நாளாகக் கொண்டாடி வருகின்றது.