ஜூலியா கேமரன் அம்மையார்

ஜூலியா மார்கரெட் கேமரன் அம்மையார் 1815-ஆம் ஆண்டு கல்கத்தாவில் பிறந்தவர். 1863 கிறிஸ்துமஸ் பரிசாக, 48 வயதான அவருக்கு மகளும் மருமகனும் ஒரு காமிரா அளித்தனர். அப்போது அவர் வசித்தது இங்கிலாந்தின் வைட் தீவில். கோழிகளை வெளியேற்றிவிட்டுக் கோழிக் கொட்டகையையே படம் எடுக்கும் கூடமாக்கினார்; நிலக்கரி அறை இருட்டறையாயிற்று.

இன்று நாம் நொடியில் படமெடுத்துவிடுகிறோம். அன்றோ கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசி, வெள்ளி நைட்ரேட்டில் தோய்த்து, ஈரம் உலருமுன் எல்லாவற்றையும் முடிக்க வேண்டும். கைகள் கறுத்துவிடும். எதிரே அமர்ந்தவர் சில நிமிடங்கள் அசையவே கூடாது. குழந்தைகள் பாவம்!

டென்னிசன், டார்வின் போன்ற பெரியோரைப் படமெடுத்த அவர், தம் வீட்டுப் பணிப்பெண் மேரி ஹில்லியருக்கு முக்காடிட்டுத் தேவமாதாவாக அமர்த்தினார். அக்கம்பக்கத்துச் சிறுவர்கள் இறக்கை கட்டிய சம்மனசுகள் ஆயினர். சுரூபங்களில் மாதாவைக் கண்டு பழகிய நமக்கு, அந்தப் பணிப்பெண்ணின் முகம் இன்னும் நெருக்கமாகவே தோன்றுகிறது.

படங்கள் சற்று மங்கலாயிருக்கும். கண்ணுக்கு அழகாய்த் தெரிந்த நிலையிலேயே லென்சை நிறுத்திவிடுவார். தகட்டிலுள்ள கீறலையும் மறைக்கமாட்டார். புகைப்பட இதழ்கள் திறமையில்லை என்று ஏளனம் செய்தன. அவர் தம் வழியை மாற்றிக்கொள்ளவில்லை. 1865-இல் லண்டன் சவுத் கென்சிங்டன் அருங்காட்சியகம் அவர் படங்களை விலைக்கு வாங்கியது.

1875-இல் கணவருடன் இலங்கையில் குடியேறி, அங்கே தோட்டத் தொழிலாளர்களையும் படமெடுத்தார். 1879-இல் காலமானார். பொகவந்தலாவையில் புனித மரியாள் ஆலயத்தருகே அவர் கல்லறை இருக்கிறது.