ஏடு காத்த ஏந்தல் சரபோஜி மன்னர்

தானங்களுள் வித்யாதானம் மிகவும் உயர்ந்தது என்பர் பெரியோர். கற்பிப்பது எத்துணைப் புண்ணியமோ, கற்பதற்குரிய நூல்களை அழியாமற் காப்பதும் அத்துணைப் புண்ணியமேயாம். இதனைத் தம் வாழ்வில் நிகழ்த்திக் காட்டியவர், தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி ஆவார்.

1777-ஆம் ஆண்டு பிறந்த இவரை, 1787-இல் துளஜா மன்னர் சுவீகாரம் கொண்டார். அவ்வாண்டிலேயே துளஜா காலமானார். அரசு அமரசிங்கர் வசமாயிற்று. இன்னல் பல உற்ற பாலகர், சுவார்ட்ஸ் பாதிரியாரின் ஆதரவில் சென்னை சேர்ந்து கல்வி பயின்றார். 1798-இல் முடிசூடினார். ஆயினும் மறு ஆண்டே, ஓர் உடன்படிக்கையினால் நாட்டின் ஆட்சி கும்பினியார் கைக்குச் சென்றது. ஆண்டுதோறும் 1 லட்சம் வராகனும், வருவாயில் ஐந்தில் ஒரு பங்குமே மன்னருக்கு எஞ்சின.

நாடு போயிற்றே என்று அவர் சோர்ந்திருக்கவில்லை. எஞ்சிய செல்வத்தைக் கலைமகளின் திருப்பணிக்கு ஆக்கினார். நாயக்க மன்னர் காலந்தொட்டு அரண்மனையில் இருந்துவந்த ஏட்டுச்சாலையைப் பெருநிதியமாக வளர்த்தார். 1820-இல் புறப்பட்ட காசி யாத்திரையில், கங்கா ஸ்நான பலனோடு சுவடிகளையும் தேடிக் கொணர்ந்தார். விலைக்குக் கிடைத்தவற்றை வாங்கியும், கிடையாதவற்றைப் பண்டிதர்களைக் கொண்டு படியெடுத்தும் சேர்த்தார். ஐரோப்பிய மொழி நூல்கள் 4,000-க்கு மேல் வருவித்தார். அவற்றுட் பலவற்றில் அவரது கையொப்பம் இன்றும் காணப்படுகிறது.

சித்திர நூல்களில் மன்னருக்கு இருந்த ஈடுபாடு தனிச்சிறப்புடையது. யானைகளையும் குதிரைகளையும் பற்றிய படங்களுடன் கூடிய சாஸ்திரச் சுவடிகள் அங்கே பேணப்பெற்றன. கண் நோயாளிகளின் கண்களை உள்ளவாறே வண்ணத்தில் வரைவித்து, நோயின் குறிப்போடும் சிகிச்சையின் விவரத்தோடும் எழுதி வைக்கச் செய்தார்.

1832-இல் மன்னர் மறைந்தார். அவர் குமாரர் சிவாஜி 1855-இல் ஆண் சந்ததியின்றி மறையவே, அரச பட்டமும் முடிவுற்றது. முடி போயிற்று, கோட்டைக் காவலும் போயிற்று. ஏடுகளோ நிலைத்து நின்றன. 1918-இல் பொதுமக்களுக்கு உரியதான தஞ்சை சரஸ்வதி மஹாலில் வடமொழிச் சுவடிகள் மட்டுமே 39,000-க்கு மேல் உள்ளன.

ஏடு தானே நிலைப்பதன்று. எண்ணெய் தடவாவிடில் ஓலை உலர்ந்து முறியும்; பூச்சி துளைக்கும்; ஈரம் பட்டால் சித்திரத்தின் வர்ணம் உதிரும். புல்தைலம் தடவி, வசம்பு முதலியன முடிந்து வைத்து, துணியிற் சுற்றி, ஆண்டுதோறும் பிரித்துப் பார்த்தாலன்றி அது பிழையாது. இதற்கு ஆளும் வேண்டும், பொருளும் வேண்டும்.

முன்னோர் போற்றிய ஸ்ரீகோசங்கள் இன்றும் பல இல்லங்களில் பரண்மேல் கிடக்கின்றன. ஆடிப்பெருக்கன்று ஆற்றில் விடப்பட்டு மறைந்தவை எத்தனையோ! திருவிளக்குக்கு எண்ணெய் அளிக்கும் அன்பர்கள், ஒரு பழஞ்சுவடியின் பாதுகாப்புக்கு ஆகும் செலவையும் கைங்கர்யமாக ஏற்கலாம். நாடிழந்த அரசர் ஒருவர் செய்த இப்பணியை, நாமும் நம்மால் இயன்ற அளவு செய்து நலம் பெறுவோமாக.