டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்

கல்வியை விரும்புவோர், எதனைக் கற்பது என்று துணிவதோடு எவ்விடத்துக் கற்பது என்றும் துணிதல் வேண்டும். அதிலும் மருத்துவக் கல்வி நெடுநாள் உழைப்பையும் பெரும்பொருளையும் வேண்டி நிற்பது. தம் பொருள் நிலைக்கு ஏற்ற உள்நாட்டுக் கல்லூரியிற் பயில்வதா, மிகுபொருள் செலவிட்டுத் தொலைவிடம் சென்று பயில்வதா என்னும் வினா இன்றும் பல இல்லங்களில் எழுகின்றது. இவ்வினாவிற்குத் தம் வாழ்க்கையையே விடையாக வைத்துச் சென்ற பெருமாட்டி ஒருவர் நம் தமிழகத்தில் வாழ்ந்தார். அவரே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்.

அம்மையார் 1886ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 30ஆம் நாள் புதுக்கோட்டையிற் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர், தாயார் சந்திரம்மாள். பெண் மக்கள் சிறிது வளர்ந்ததும் அவர்களைப் பள்ளியினின்று நிறுத்தி, மணம் பேசுதல் அக்கால வழக்கம். தந்தையாரோ மகளின் அறிவுக் கூர்மையைக் கண்டு, இல்லத்திலேயே கல்வி தொடருமாறு செய்தார். அம்மையார் 1902ஆம் ஆண்டில் மெட்ரிகுலேஷன் தேர்வில் வெற்றி பெற்றார்.

புதுக்கோட்டை மன்னர் கல்லூரி அந்நாளில் ஆடவர்க்கு மட்டுமே உரியதாய் இருந்தது. பெண் ஒருத்தி அங்கு வந்து பயிலுதல் தகாது எனப் பலர் எதிர்த்தனர். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அவ்வெதிர்ப்பைப் பொருட்படுத்தாது இடம் அளித்ததோடு, உதவித்தொகையும் வழங்கினார். தம் ஊரிலேயே, தம் மன்னரின் துணையால், அம்மையார்க்கு உயர்கல்வியின் வாயில் திறந்தது.

அடுத்து மருத்துவம் பயில விழைந்தார். அக்காலத்தில் மருத்துவம் கற்க எண்ணிய இந்தியப் பெண்டிர் முன் இரு வழிகள் தோன்றின. ஒன்று, கடல் கடந்து அயல்நாடு செல்லுதல். மற்றொன்று, உள்நாட்டிற் கற்றல். முன்னதைத் தேர்ந்தவர் மராட்டிய நாட்டு ஆனந்திபாய் ஜோஷி. சென்னையில் பெண்கள் பயிலக் கல்லூரி இருந்ததை அவர் அறிந்திருந்தார். ஆயினும் அக்காலத்துப் பெண்கட்கு இந்நாட்டில் அளிக்கப்பெற்ற மருத்துவப் பயிற்சி நிறைவுடையதன்று என்று கருதினார். தம் பொன் வளையல்களை விற்று, 1883ஆம் ஆண்டில் கல்கத்தாவிலிருந்து கப்பலேறி, ஏறத்தாழ இரண்டு திங்கள் பயணம் செய்து அமெரிக்கா அடைந்தார். பிலடெல்பியா நகரத்துப் பெண்கள் மருத்துவக் கல்லூரியிற் பயின்று 1886ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். ஆனால் பனியும் குளிரும் அவர் உடலை வாட்டின; காசநோய் பற்றியது. தாய்நாடு திரும்பிய அவர், 1887ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், 22 அகவை நிறையுமுன்னரே மறைந்தார். கோலாப்பூர் மருத்துவமனையில் அவருக்கெனக் காத்திருந்த பணியை ஏற்க இயலாமலே போயிற்று. அவருடைய துணிவு போற்றத்தக்கது. அதற்கு அவர் கொடுத்த விலையும் பெரிது.

சென்னை மருத்துவக் கல்லூரி 1835ஆம் ஆண்டிலே தோன்றியது. 1875ஆம் ஆண்டில் மேரி ஷார்லீப் என்னும் ஆங்கில மாதும் வேறு மூன்று பெண்டிரும் அங்குச் சேர்க்கப்பெற்றனர். ஷார்லீப் அம்மையார் மூன்றாண்டு பயின்று 1878இல் தகுதிச் சான்று பெற்றார். எனினும் முழுப் பட்டம் பெற லண்டன் மாநகர் செல்ல வேண்டியதாயிற்று. ஆண்டுகள் கழியக் கழிய நிலை மாறிற்று. முத்துலட்சுமி அம்மையார் சேர்ந்த 1907ஆம் ஆண்டில், முழு மருத்துவப் பட்டத்தையும் சென்னையிலேயே பெறக்கூடும் என்னும் நிலை வாய்த்திருந்தது. ஆனந்திபாய் தேடிச் சென்ற பொருள், காலத்தின் போக்கால் இல்லத்தின் அண்மைக்கே வந்து சேர்ந்தது எனலாம்.

சென்னைக் கல்லூரியில் அம்மையார் ஊன் உறக்கம் பாராது உழைத்தார். அக்கல்லூரியைச் சார்ந்த அரசுப் பொது மருத்துவமனைக்கு ஏழை எளியோர் நாள்தோறும் திரண்டு வந்தனர். நூலிற் கற்ற நோய்களை அவர்கள்பால் நேரிற் கண்டு கற்கும் வாய்ப்பு மாணவர்க்குக் கிடைத்தது. அம்மையார் பரிசில்களும் பொற்பதக்கங்களும் பெற்று, 1912ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். எழும்பூர் அரசு மகளிர் குழந்தைகள் மருத்துவமனையில் உள்ளுறை மருத்துவராக அமர்ந்தார். 1914ஆம் ஆண்டில் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். மனைவியைத் தமக்கு நிகராக மதித்தல் வேண்டும் என்பது திருமணத்திற்கு முன் அம்மையார் விதித்த நிபந்தனை. கணவரும் அதனை ஏற்று இறுதிவரை உறுதுணையாய் விளங்கினார்.

1923ஆம் ஆண்டில் அம்மையாரின் தங்கை புற்றுநோயால் இறந்தார். நோயின் கொடுமையை அருகிருந்து கண்டும், மருத்துவராகிய தம்மால் உடன்பிறந்தாளைக் காக்க இயலவில்லையே என்னும் துயரம் அவர் நெஞ்சில் ஆழப் பதிந்தது. அதன் பின்னர், 1925ஆம் ஆண்டில், அரசின் உதவித்தொகை பெற்று மேற்பயிற்சிக்காக லண்டன் சென்றார். இங்கு நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. அம்மையார் தொலைநாட்டுக் கல்வியை வெறுத்தவர் அல்லர். அடிப்படைக் கல்வியை அண்மையிற் கற்றார். பல்லாண்டு மருத்துவம் செய்து தம் மக்களின் தேவையை அறிந்தார். பின்னரே, இன்னது கற்க வேண்டும் என்னும் தெளிவோடு கடல் கடந்தார். குடும்பத்தைக் கடனில் ஆழ்த்தாமலும் சென்றார்.

தாயகம் திரும்பிய அம்மையார் சென்னைச் சட்டமன்றத்தில் உறுப்பினராக அமர்த்தப்பெற்று, 1927ஆம் ஆண்டில் அதன் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். தேவதாசி முறையை ஒழிக்கப் பாடுபட்டார். அம்முயற்சி 1947ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறைவெய்தியது. காந்தியடிகள் சிறைப்பட்டபோது, 1930ஆம் ஆண்டில், தம் பதவியைத் துறந்தார். ஆதரவற்று வந்த சிறுமியர்க்கு இடம் அளித்து ஔவை இல்லத்தை நிறுவினார். சென்னையின் தென்பகுதியாகிய அடையாற்றில் அவ்வில்லம் வளர்ந்தது.

தங்கையின் மறைவை அம்மையார் மறந்தாரல்லர். இந்திய மாதர் சங்கத்தின் சார்பில் பல்லாண்டு நிதி திரட்டினார். 1952ஆம் ஆண்டில் நேரு பெருமகனார் அடிக்கல் நாட்ட, 1954ஆம் ஆண்டு சூன் திங்கள் 18ஆம் நாள் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளோடு தொடங்கப்பெற்றது. அதனைப் பேணி வளர்த்தவர்கள் மகனார் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் ஆவர். டாக்டர் சாந்தாவும் அதே சென்னைக் கல்லூரியிற் பயின்றவரே. இன்று தாம்பரம், பல்லாவரம் முதலிய புறநகர்களிலிருந்து மட்டுமன்றி, இந்திய நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் நோயாளர் அடையாற்றை நாடி வருகின்றனர்.

அம்மையார்க்கு 1956ஆம் ஆண்டில் பத்மபூஷண் விருது வழங்கப்பெற்றது. 1968ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 22ஆம் நாள் அவர் மறைந்தார். கருவுற்ற ஏழைத் தாய்மார்க்குத் தமிழக அரசு வழங்கும் மகப்பேறு உதவித் திட்டம் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

மாணவர்களே! அம்மையார்க்கு வாய்த்ததைவிட மிகுதியான வாய்ப்புகள் நுமக்கு உள. தாம்பரத்திற்குத் தெற்கே செங்கற்பட்டில் 1965ஆம் ஆண்டு முதல் அரசு மருத்துவக் கல்லூரி நடைபெறுகின்றது. சென்னையின் பழங்கல்லூரியும் சிறந்து விளங்குகின்றது. கல்லூரியைத் தேரும்போது அதன் தொலைவையும் புகழையும் மட்டும் நோக்கற்க. அங்குப் பெறும் பட்டம் செல்லுமா, நோயாளரை நேரிற் கண்டு கற்கும் வாய்ப்பு உண்டா, கற்று முடிந்தபின் சுமக்க வேண்டிய கடன் எவ்வளவு என்பவற்றை ஆராய்க. வேண்டுவது அருகில் இல்லையாயின் தொலைவு செல்லுதலும் தக்கதே. ஆனந்திபாய் அவ்வாறே சென்றார். இருக்குமாயின், அதனை எளிதெனக் கருதி இகழற்க. பெருங்கடன் தோளை அழுத்துமாயின், ஏழையின் குடிலை நோக்கி நடக்கக் கால்கள் தயங்கும். முத்துலட்சுமி அம்மையார்க்கு அத்தளை இல்லை. ஆதலின் வருவாயைக் கருதாது பிறர் துயர் துடைக்க அவரால் இயன்றது. அண்மையிற் கற்ற கல்வி அவரைத் தொலைவிலுள்ளோரும் நாடி வரும் பெருமைக்கு உயர்த்தியது.