ஏஐ படங்களில் அடிக்கடி வரும் 'ஸ்கியாபரெல்லி' யார்?

படம் உருவாக்கும் ஏஐ செயலியில் 'ஸ்கியாபரெல்லி பாணியில் ஓர் ஆடை' என்று தட்டிப் பாருங்க. பளிச்சென்ற பிங்க், தங்கத்தில் செய்த காது, மூக்கு என்று ஏதாவது சில விநாடியில் வந்து நிற்கும். அழகுதான். ஆனால் அந்தத் தங்கக் காதும் மூக்கும் பெரும்பாலும் டேனியல் ரோஸ்பெரியின் கைவண்ணம். அவர் 2019இல் அந்த நிறுவனத்தின் வடிவமைப்புப் பொறுப்பை ஏற்றவர். பெயருக்குச் சொந்தக்காரரான எல்சா ஸ்கியாபரெல்லி 1973லேயே இறந்துவிட்டார்.

சரி, யார் இந்த எல்சா?

1890இல் ரோம் நகரில் பிறந்தவர். அப்பா அரபு மொழி அறிஞர். பெரியப்பா ஜியோவானி, செவ்வாய்க் கோளில் கோடுகளைக் கண்டு வரைபடம் போட்ட வானியலாளர். எல்சா அழகாக இல்லை என்று வீட்டில் சொல்வார்களாம். அதற்குச் சிறுமி என்ன செய்தார் தெரியுமா? முகத்தில் பூப் பூக்கட்டும் என்று காதிலும் வாயிலும் பூ விதைகளைப் போட்டுக்கொண்டார்! சுயசரிதையில் அவரே இதை எழுதியிருக்கிறார். பின்னாளில் அவர் உருவாக்கிய ஆடைகளும் இதே குறும்பின் தொடர்ச்சிதானோ என்று தோன்றும்.

நியூயார்க்கில் கல்யாண வாழ்க்கை முறிந்தது. போலியோ பாதித்த மகளுடன் 1922இல் பாரிஸ் வந்தார். கையில் காசு குறைவு. தையலும் முறையாகக் கற்றதில்லை.

1927இல் ஒரு கறுப்பு ஸ்வெட்டர் அவர் வாழ்க்கையை மாற்றியது. கழுத்தில் வெள்ளை 'போ' கட்டியதுபோல் தெரியும். ஆனால் கட்டியது கிடையாது, பின்னலிலேயே வந்த உருவம். பின்னியவர் பாரிஸுக்குப் புலம்பெயர்ந்த ஓர் ஆர்மீனியப் பெண். அமெரிக்காவிலிருந்து ஆர்டர்கள் வந்தன. 1934இல் டைம் சஞ்சிகையின் அட்டையில் எல்சா. அடுத்த ஆண்டு, நம்ம சேலையைப் பார்த்து உருவான மாலைநேர ஆடைகளையும் வெளியிட்டார்.

பிறகுதான் ஓவியர் சல்வடோர் டாலியுடன் கூட்டணி. 1937இல் வெள்ளைப் பட்டு கவுனில் பெரிய சிவப்புச் சிங்கி இறால். அடுத்து, தலையில் கவிழ்த்த ஹை ஹீல்ஸ் வடிவத்தில் தொப்பி. 'ஷாக்கிங்' பிங்க் வந்ததும் அந்த ஆண்டில்தான்.

1938இல் வந்த இரண்டு ஆடைகளில் சிரிப்பு குறைவு. ஒன்றில், கிழிந்து தொங்கும் சதைபோல் அச்சிட்ட துணி. இன்னொன்று, கறுப்பு எலும்புக்கூட்டு ஆடை. ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. மறு ஆண்டே இரண்டாம் உலகப் போர்.

போர்க்காலத்தில் பெரும்பகுதியை அமெரிக்காவில் கழித்துவிட்டுத் திரும்பியபோது ரசனை மாறிவிட்டது. 1947இல் கிறிஸ்டியன் டியோரின் இடுப்பு சிறுத்த, பாவாடை விரிந்த ஆடைகள் பாரிஸைப் பிடித்துக்கொண்டன. 1954இல் எல்சா கடையை மூடினார். அதன்பின் பல ஆண்டுகள் அந்தப் பெயர் ஏறக்குறைய தூங்கிக்கிடந்தது.

ஏஐயிடம் எலும்புக்கூட்டு ஆடை கேட்டால், கறுப்புத் துணியில் வெள்ளை எலும்பு வரைந்து தந்துவிடலாம். எல்சாவின் ஆடையில் வெள்ளையே கிடையாது. இரண்டு அடுக்குத் துணியில் விலா எலும்பின் ஓரங்களைத் தைத்து, நடுவில் பஞ்சை அடைத்துப் புடைக்க வைத்தார்கள். கறுப்பின்மேல் கறுப்பு. அந்த ஆடை இன்றும் லண்டனின் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அரும்பொருளகச் சேகரிப்பில் இருக்கிறது.