நகர்மன்றம் தந்த தலைவர்

நுழையும்முன்

நாட்டை ஆள்வோரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலையே நாம் பெரிதாகப் பேசுகிறோம். தெருவிளக்கு, குடிநீர், கழிவுநீர்க் கால்வாய், தொடக்கப்பள்ளி ஆகியவற்றைக் கவனிக்கும் உள்ளாட்சி மன்றத்தின் தேர்தலைச் சிறியதாக எண்ணிவிடுகிறோம். ஆனால், விடுதலை பெற்ற இந்தியாவின் தலைமை ஆளுநர் பதவி வரை உயர்ந்த ஒருவருடைய பொதுவாழ்வு சேலம் நகர்மன்றத்தின் ஓர் உறுப்பினர் இருக்கையில்தான் தொடங்கியது. அந்த இருக்கை அவருக்குக் கற்பித்ததையும், பிற்காலத்தில் அவரை அது எவ்வாறு சோதித்தது என்பதையும் அறிவோம்.

தொரப்பள்ளியிலிருந்து சேலத்துக்கு

மூதறிஞர் இராஜாஜி என்று தமிழுலகம் அழைக்கும் சக்கரவர்த்தி இராசகோபாலாச்சாரியார், 1878ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் தொரப்பள்ளி என்னும் சிற்றூரில் பிறந்தார். இன்று கிருட்டிணகிரி மாவட்டத்தில் உள்ள அவ்வூர் அக்காலத்தில் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. ஒசூரிலும் பெங்களூரிலும் பயின்ற அவர், சென்னையில் சட்டம் படித்து முடித்து, 1900ஆம் ஆண்டில் சேலத்தில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார். கூர்மையான அறிவும் அளவான பேச்சும் சில ஆண்டுகளிலேயே அவரை அந்நகரின் முன்னணி வழக்கறிஞராக்கின. பொருளும் புகழும் சேர்ந்தன. அவற்றோடு நிறைவுற்று வாழ அவர் மனம் இசையவில்லை. தாம் வாழும் ஊருக்குத் தம்மால் ஆகக்கூடியது என்ன என்ற வினா அவரை நகர்மன்றத்தின் பக்கம் திருப்பியது.

உள்ளாட்சி என்னும் புதிய வாயில்

சேலம் நகராட்சி 1866ஆம் ஆண்டு அமைக்கப்பட்டது. இங்கிலாந்தில் 1835ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நகரங்களில் வரி செலுத்துவோர் தம் மன்ற உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தனர். அவ்வுறுப்பினர்கள் நகரத் தலைவரைத் தேர்ந்தனர். அந்த முறை இந்தியாவுக்கு உடனே வரவில்லை. தொடக்கத்தில் அரசு அதிகாரிகளின் கையிலேயே நகராட்சிகள் இருந்தன. 1882இல் அரசப்பிரதிநிதியாக இருந்த ரிப்பன் பிரபு வெளியிட்ட உள்ளாட்சித் தீர்மானம், மக்கள் தேர்ந்தெடுக்கும் உறுப்பினர்களுக்கு இடம்தர வேண்டும் என்று வற்புறுத்தியது. நாட்டை ஆளும் உரிமை இல்லாத இந்தியருக்குத் தம் ஊரையாவது கவனித்துக்கொள்ளும் வாயில் அவ்வாறு திறந்தது.

அவ்வாயில் குறுகியதாகவே இருந்தது. சொத்துடையவராய், வரி செலுத்துபவராய் இருந்த சிலருக்கே வாக்குரிமை கிடைத்தது. கூலித் தொழிலாளரும் ஏழை உழவரும் பெரும்பாலான பெண்களும் அதற்கு வெளியே நின்றனர். ஒடுக்கப்பட்ட மக்கள் நகர்மன்றத்தில் அமர்வது எண்ணிப் பார்க்கவும் அரிதான ஒன்றாக இருந்தது.

இருப்பினும், அந்தச் சிறிய இருக்கையின் மதிப்பை உணர்ந்த ஒருவர் சேலத்தில் இராஜாஜிக்கு முன்பே வாழ்ந்தார். அவர் சேலம் விசயராகவாச்சாரியார். நகர்மன்ற உறுப்பினராக இருந்த அவர், 1882இல் சேலத்தில் நிகழ்ந்த கலவரத்தை ஒட்டிய வழக்கில் தண்டிக்கப்பட்டார்; மேல்முறையீட்டில் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டார். அதனிடையே அவரது உறுப்பினர் பதவி பறிக்கப்பட்டது. விடுதலை பெற்றதோடு அவர் அமைதியடையவில்லை. இழந்த பதவியையும் சட்டவழியில் போராடித் திரும்பப் பெற்றார். பின்னாளில், 1920இல் நாகபுரியில் கூடிய காங்கிரசு மாநாட்டுக்குத் தலைமையேற்றவரும் அவரே. மக்கள் தந்த இடத்தை எளிதில் விட்டுக்கொடுக்கலாகாது என்னும் பாடம் சேலத்தின் காற்றில் ஏற்கெனவே கலந்திருந்தது.

குழாயடியில் ஒரு சோதனை

1911ஆம் ஆண்டு இராஜாஜி சேலம் நகர்மன்ற உறுப்பினரானார். ஆறு ஆண்டுகள் கழித்து, 1917இல் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதற்குச் சிறிது காலம் முன்புதான் அவர் மனைவி அலமேலு மங்கம்மாள் மறைந்திருந்தார். தாயை இழந்த ஐந்து பிள்ளைகளை வளர்க்கும் கடமையும், நகரை நிருவகிக்கும் கடமையும் ஒருசேர அவர் தோள்மீது அமர்ந்தன. முதல் உலகப்போர் விலைவாசியை உயர்த்தியிருந்த காலம் அது. 1918இல் நாடெங்கும் பரவிய நச்சுக்காய்ச்சல் எண்ணற்ற உயிர்களைக் குடித்தது. நகராட்சிப் பொறுப்பு எளிதானதாக இல்லை.

அவரது தலைமைக்கு உண்மையான சோதனை குடிநீர்க் குழாயின் வடிவில் வந்தது. குழாய்களைத் திறந்து மூடும் பணிக்காக, ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த ஊழியர் ஒருவர் அக்ரகாரத் தெருவுக்கு அனுப்பப்பட்டார். அவர் கை பட்டால் நீர் தீட்டாகும் என்று கூறி அங்கு வாழ்ந்தோர் எதிர்த்தனர். எதிர்த்தவர்கள் இராஜாஜி பிறந்த சமூகத்தைச் சேர்ந்தவர்கள். வாக்குரிமையும் செல்வாக்கும் உடையவர்கள். குழாயைத் திறந்த ஊழியருக்கோ அந்நகரில் குரல்கொடுப்பார் இல்லை.

இத்தகைய வேளையில் ஊழியரை வேறு தெருவுக்கு மாற்றிவிடுவது எளிய வழி. யாரும் அதைத் தவறென்று அன்று சொல்லியிருக்க மாட்டார்கள். இராஜாஜி அவ்வழியை நாடவில்லை. நகராட்சியின் நீர் அனைவருக்கும் பொது. அதை வழங்கும் ஊழியர் எவராயினும் அவர் நகராட்சியின் ஊழியரே என்னும் நிலையில் உறுதியாக நின்றார். தம் மக்கள் முகம் சுளிப்பார்களே என்று அவர் தயங்கவில்லை.

அந்த உறுதி குழாயடியோடு நின்றுவிடவில்லை. அவர் தலைவராக இருந்த காலத்தில்தான் ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த ஒருவர் முதன்முறையாகச் சேலம் நகர்மன்றத்தில் உறுப்பினரானார். அதற்கு முன்னின்று உழைத்தவர் இராஜாஜி. தெருவில் நீர் வழங்கும் உரிமையிலிருந்து மன்றத்தில் முடிவெடுக்கும் உரிமை வரை ஒரே நேர்க்கோட்டில் அவர் எண்ணம் சென்றது. நீரைப் பெறுவதில் சமத்துவம் வேண்டுமானால், அந்நீரைப் பற்றி முடிவெடுக்கும் மன்றத்திலும் சமத்துவம் வேண்டும் என்பதை அவர் செயலால் காட்டினார்.

(தெரிந்து தெளிவோம்: சேலத்தில் வாழ்ந்த காலத்தில், 1916ஆம் ஆண்டு, இராஜாஜி தமிழில் அறிவியல் கலைச்சொற்களை உருவாக்குவதற்கென ஒரு கழகத்தைத் தொடங்கினார். வேதியியல், இயற்பியல், கணிதம், வானியல், உயிரியல் ஆகிய துறைகளின் சொற்களை எளிய தமிழில் தருவது அதன் நோக்கம்.)

நட்பும் நாட்டுப்பணியும்

அதே காலத்தில் சேலத்துக்கு அண்மையிலுள்ள ஈரோட்டில் நகராட்சித் தலைவராக விளங்கியவர் பெரியார் ஈ.வெ.இராமசாமி. இரு நகரங்களின் தலைவர்களும் நண்பர்களானார்கள். கொள்கையில் பின்னாளில் எதிரெதிர்த் திசைகளில் சென்றபோதும் அவர்களது நட்பு இறுதிவரை முறியவில்லை. இராசிபுரத்தில் பிறந்த பெ.வரதராசுலு நாயுடுவின் மீது ஆங்கில அரசு அரசத்துரோக வழக்குத் தொடுத்தபோது, இராஜாஜி அவருக்காக வாதாடினார். உள்ளூர்ப் பணியும் நாட்டுப்பணியும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதை இந்நட்புகள் காட்டின.

1919ஆம் ஆண்டு இராஜாஜி நகராட்சித் தலைவர் பொறுப்பிலிருந்து விலகிச் சென்னையில் குடியேறினார். அவ்வாண்டு காந்தியடிகள் சென்னைக்கு வந்து அவருடன் தங்கினார். ரௌலட் சட்டத்துக்கு எதிராக நாடு முழுவதும் கடையடைப்பும் நோன்பும் மேற்கொள்ளலாம் என்னும் எண்ணம் காந்தியடிகளுக்கு அங்கேதான் தோன்றியது. அதன்பின் இராஜாஜி நீதிமன்றத்தை விட்டு விலகி, விடுதலைப் போராட்டத்தில் தம்மை முழுமையாக ஈடுபடுத்திக்கொண்டார்.

சிறையில் எழுந்த கவலை

ஒத்துழையாமை இயக்கத்தில் பங்கேற்றதற்காக, 1921ஆம் ஆண்டு டிசம்பரில் அவர் வேலூர்ச் சிறையில் மூன்று மாதங்கள் அடைக்கப்பட்டார். அங்கு நாள்தோறும் குறிப்பேடு எழுதினார். விடுதலைக்காகச் சிறை சென்றவர் விடுதலையின் இன்பங்களைக் கற்பனை செய்திருப்பார் என்று நாம் எதிர்பார்ப்போம். இராஜாஜியின் சிந்தனை வேறு வழியில் சென்றது. தன்னாட்சி கிடைத்த மறுநாளே நல்லாட்சி வந்துவிடாது. தேர்தல்களும் அவற்றோடு வரும் ஊழலும், செல்வத்தின் அதிகாரமும், திறமையற்ற நிருவாகமும் மக்களைத் துன்புறுத்தக்கூடும் என்று அவர் அஞ்சினார். இளமையிலிருந்தே நன்னடத்தையை வளர்க்கும் கல்வி எல்லோருக்கும் கிடைப்பதொன்றே அதற்கு மாற்று என்று கருதினார்.

தேர்தலை வெறுத்தவரின் கருத்தாக இதனைக் கொள்ளலாகாது. எட்டு ஆண்டுகள் நகர்மன்றத்தில் அமர்ந்து, வாக்குச்சீட்டுக்குப் பின்னால் நிற்கும் செல்வாக்கையும் அச்சத்தையும் நேரில் கண்டவரின் கவலை அது.

புதுப்பாளையத்தில் ஒரு வாழ்க்கைப்பள்ளி

அக்கவலைக்குச் செயலால் விடைகாண முனைந்தார் இராஜாஜி. இன்றைய நாமக்கல் மாவட்டத்தில், திருச்செங்கோட்டுக்கு அருகிலுள்ள புதுப்பாளையத்தில், 1925ஆம் ஆண்டு பிப்ரவரி 6ஆம் நாள் காந்தி ஆசிரமம் தொடங்கப்பட்டது. மழை பொய்த்தால் வறட்சியில் வாடும் அவ்வட்டாரத்தில் நூற்பும் நெசவும் ஏழைகளுக்குக் கஞ்சி வார்த்தன. கதர்ப்பணி, மதுவிலக்கு, தீண்டாமை ஒழிப்பு ஆகிய மூன்றும் ஆசிரமத்தின் மூச்சாக இருந்தன. சாதி வேறுபாடின்றி அனைவரும் அங்கு ஒன்றாக வாழ்ந்தனர். மதுவிலக்கைப் பரப்புவதற்காக அங்கிருந்து வெளிவந்த விமோசனம் இதழின் பணியில் எழுத்தாளர் கல்கியும் துணைநின்றார்.

1937இல் சென்னை மாகாணத்தின் பிரதமர் பொறுப்பேற்றபோது, அவர் மதுவிலக்கை முதலில் நடைமுறைப்படுத்தத் தேர்ந்தெடுத்தது தாம் நன்கறிந்த சேலம் மாவட்டத்தையே. அவ்வாண்டு அக்டோபர் முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது. மதுவிலக்கால் அரசு இழந்த வருவாயை ஈடுசெய்ய 1939இல் விற்பனை வரி கொண்டுவரப்பட்டது. அதே ஆண்டில், ஒடுக்கப்பட்ட மக்கள் கோயில்களுக்குள் நுழைவதற்குச் சட்டப் பாதுகாப்பும் அளிக்கப்பட்டது. சேலத்துத் தெருக்குழாயில் தொடங்கிய நீதி கோயில் வாயில் வரை வந்து சேர்ந்தது.

உறுதியும் இசைவும்

ஒருவர் வாழ்வைக் கற்கும்போது அவருடைய வெற்றிகளோடு, அவர் எதிர்ப்பைச் சந்தித்த இடங்களையும் நாம் கற்க வேண்டும். 1938இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கிய அவரது ஆணை தமிழ்நாட்டில் பெரும் கிளர்ச்சியை எழுப்பியது. அவரது அரசு பதவி விலகியபின், 1940இல் அவ்வாணை திரும்பப் பெறப்பட்டது. பின்னாளில் இந்தித் திணிப்பை எதிர்த்தோர் வரிசையில் இராஜாஜியே நின்றார்.

1952இல் அவர் மீண்டும் முதலமைச்சரானபோது, சட்டமன்றத் தேர்தலில் நின்று மக்களிடம் வாக்குக் கேட்டு வரவில்லை. சட்டமேலவைக்கு நியமனம் பெற்று வந்தார். அடுத்த ஆண்டு அவர் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், பிள்ளைகள் பள்ளியில் அரைநாள் படித்து, எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்க வழிசெய்தது. பிறப்பால் வந்த தொழிலிலேயே பிள்ளைகளைக் கட்டிப்போடும் திட்டம் இது என்று மக்கள் கொதித்தெழுந்தனர். 1954இல் அவர் பதவி விலகினார். அடுத்து வந்த காமராசர் அத்திட்டத்தைக் கைவிட்டார்.

சேலத்திலும் எதிர்ப்பு இருந்தது. சென்னையிலும் எதிர்ப்பு இருந்தது. இரண்டிலும் இராஜாஜி உறுதியாகவே நின்றார். சேலத்தில் அவ்வுறுதி குரலற்ற ஒருவரைக் காத்தது. எனவே காலம் அதனை ஏற்றது. கல்வித் திட்டத்திலோ, யாருடைய பிள்ளைகளுக்காக அது வகுக்கப்பட்டதோ அவர்களுடைய குரலே போதிய அளவு கேட்கப்படவில்லை. எனவே அவ்வுறுதி நிலைக்கவில்லை. தலைமைக்கு உறுதி வேண்டும். அவ்வுறுதிக்கு எளியோரின் இசைவு வேண்டும். அவரது நீண்ட பொதுவாழ்வு நமக்குத் தரும் பாடம் இது.

நம் கையில் உள்ள வாக்கு

1948 முதல் 1950 வரை இந்தியாவின் தலைமை ஆளுநராகப் பணியாற்றிய இராஜாஜிக்கு 1954இல் பாரத ரத்னா விருது வழங்கப்பட்டது. சக்கரவர்த்தித் திருமகன் என்னும் நூலுக்காக 1958இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். 1972ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் மறைந்தார்.

அவர் அமர்ந்திருந்த நகர்மன்றம் 1994இல் மாநகராட்சியாக உயர்ந்தது. வரி செலுத்திய சிலர் மட்டுமே வாக்களித்த காலம் மாறிவிட்டது. 1993இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 74ஆவது திருத்தம், நகர உள்ளாட்சிகளில் பட்டியலின மக்களுக்கும் பெண்களுக்கும் இடஒதுக்கீட்டை உறுதிசெய்தது. இராஜாஜியின் காலத்தில் ஒரே ஒருவருக்காகப் போராடிப் பெற்ற இருக்கை இன்று சட்டம் தரும் உரிமையாகியுள்ளது.

உரிமை சட்டத்தில் இருப்பது மட்டும் போதாது. தேர்ந்தெடுக்கப்பட்ட ஓர் உறுப்பினரை நாற்காலியில் அமரவிடாத ஊர், எந்தத் தெருவுக்குக் குடிநீர் முதலில் போகிறது என்று கேட்காத வாக்காளர், பணம் பெற்று வாக்கை விற்கும் குடும்பம் ஆகியவை இருக்கும்வரை, வேலூர்ச் சிறையில் எழுந்த கவலை பழங்கதையாகிவிடாது. இன்னும் சில ஆண்டுகளில் நீங்களும் வாக்களிக்கப் போகிறீர்கள். உங்கள் முதல் வாக்கு ஒரு நகர்மன்றத்துக்கோ ஊராட்சிக்கோ உரியதாக இருக்கலாம். அதனைச் சிறியதென எண்ணாதீர்கள். நூறாண்டுகளுக்கு முன் சேலத்தில் குழாயைத் திறக்கச் சென்ற பெயரறியா ஊழியர் ஒருவரின் மாண்பு, அத்தகைய மன்றம் ஒன்றின் முடிவால்தான் காக்கப்பட்டது.