முத்துலட்சுமி அம்மையாரும் மணவயதுச் சட்டமும்

1886இல் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி, 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமாக நடத்த வேண்டும், மருத்துவப் பணிக்குக் குறுக்கே நிற்கலாகாது என்னும் நிபந்தனைகளுக்கு அவர் உடன்பட்ட பின்னரே அம்மையார் இசைந்தார். மணம் 1872ஆம் ஆண்டுச் சட்டப்படி நிகழ்ந்தது. ஆணுக்கு 18, பெண்ணுக்கு 14 வயது நிறைந்திருத்தல் வேண்டும். 21 நிறையாதவர் தந்தையின் அல்லது காப்பாளரின் இசைவைப் பெறுதல் வேண்டும் என்பன அதன் விதிகள். அம்மையாரோ அவ்வயதை எப்போதோ கடந்தவர். ஆயினும் அச்சட்டத்தை நாடியோர் மிகச் சிலரே. ஏனைய வீடுகளில் பத்து வயதுச் சிறுமிக்கு மணம் பேசினாலும் தடுக்க விதியில்லை.

இளந்தாய்மாரின் துன்பம் மருத்துவரான அவருக்கு ஏட்டுச் செய்தியன்று. 1927இல் சென்னைச் சட்டசபையின் துணைத்தலைவரானவர், மறு ஆண்டே பெண்ணுக்கு 16, ஆணுக்கு 21 என மணவயதை உயர்த்தக் கோரும் தீர்மானத்தைக் கொண்டுவந்தார், அது நிறைவேறியது. ஆனால் 1929இல் மத்திய சட்டசபை இயற்றிய சாரதா சட்டம் தந்ததோ 14, 18. ஐம்பத்தேழு ஆண்டுகளுக்கு முன் சிலருக்கென வகுத்த அதே எண்கள்! அதுவும் 1930 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது. இடைப்பட்ட மாதங்களில் சிறுமியருக்கு அவசர அவசரமாகத் தாலி கட்டினர். மீறியவருக்குச் சிறையோ அபராதமோ உண்டு. கட்டிய தாலி செல்லாது என்று அச்சட்டம் சொல்லவில்லை.

1955இன் இந்துத் திருமணச் சட்டம் மணமகளுக்கு 15 என வைத்து, 18 நிறையும்வரை காப்பாளரின் இசைவையும் கேட்டது. அம்மையார் 1968இல் மறைந்தார். 1978இல் பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என்றானபோது அவ்விசைவு விதியும் நீக்கப்பட்டது.