அசைந்தால்தான் மின்சாரம்: மைக்கல் பரடேயின் கதை

குளிர்காலம். நேரம் ஐந்து மணிதான். ஆனால் சட்டனில் நன்றாக இருட்டிவிட்டது. வெளியே மழை. தமிழ் வகுப்பு முடிந்து நீங்கள் ஓடிவந்து காரில் ஏறுகிறீர்கள். அம்மா காரை ஸ்டார்ட் பண்ணுறா. முன் விளக்கு எரியுது. வைப்பர் ஆடுது. ஹீற்றர் விசிறி சுத்துது. பாட்டுக் கேட்குது. உங்கட போனும் சார்ஜ் ஆகுது.

இவ்வளவுக்கும் மின்சாரம் எங்கேயிருந்து வருது?

பற்றரியிலிருந்து வருது என்று நீங்கள் நினைக்கலாம். அது பாதிதான் சரி. காரை ஸ்டார்ட் பண்ண மின்சாரம் கொடுப்பது பற்றரிதான். ஆனால் பற்றரி ஒரு தண்ணீர்த் தொட்டி மாதிரி. எடுத்துக்கொண்டே இருந்தால் அது காலியாகிவிடும். அதனால் கார் ஓடும்போதே புதிதாக மின்சாரம் செய்ய வேண்டும். அந்த வேலையைச் செய்யும் இயந்திரம் எஞ்சினுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஏறக்குறைய ஒரு தேங்காய் அளவுதான் இருக்கும். அதன் பெயர் ஆல்டர்னேற்றர்.

அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டுமென்றால், லண்டனில் பிறந்த ஓர் ஏழைப் பையனின் கதையை முதலில் கேளுங்கோ.

கொல்லரின் மகன்

மைக்கல் பரடே 1791 செப்ரெம்பர் 22ஆம் திகதி நியூவிங்ரன் பட்ஸ் என்ற இடத்தில் பிறந்தார். இன்று அந்த இடம் எலிபன்ட் அண்ட் காசில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. சட்டனிலிருந்து தேம்ஸ்லிங்க் ரயிலில் ஏறினால் நேராக அங்கே போய் இறங்கலாம்.

அவருடைய அப்பா ஒரு கொல்லர். இரும்பைக் காய்ச்சி அடிப்பது அவர் தொழில். ஆனால் அவருக்கு அடிக்கடி உடம்பு சரியில்லாமல் போய்விடும். வேலை இல்லாத நாளில் காசும் இல்லை. வீட்டில் நான்கு பிள்ளைகள். ஒரு காலத்தில் மைக்கலுக்கு ஒரு வாரத்துக்கு ஒரு பாண்தான் கிடைத்தது. திங்கட்கிழமை முழுவதையும் சாப்பிட்டால், மற்ற நாட்களுக்கு ஒன்றும் இல்லை. யோசித்துப் பாருங்கோ.

பள்ளிக்கூடத்தில் அவர் கொஞ்சம் வாசிக்கவும் எழுதவும் கணக்குச் செய்யவும் மட்டுமே படித்தார். 13 வயதில் ஒரு புத்தகக் கடையில் வேலைக்குப் போனார். முதலில் பத்திரிகைகளைக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. அடுத்த வருடம், அதே கடையில் புத்தகம் கட்டும் தொழிலைப் பழகத் தொடங்கினார். அதைப் பழக ஏழு வருடம்!

கடைக்காரரின் பெயர் ஜோர்ஜ் ரீபோ. அவர் நல்ல மனிதர். கட்டுவதற்கு வந்த புத்தகங்களை மைக்கல் வாசித்தால் அவர் ஏசவில்லை. ஒருநாள் கட்ட வந்த கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய பகுதி இருந்தது. மைக்கல் அதை வாசித்தார். வாசித்ததோடு விடவில்லை. கையில் இருந்த கொஞ்சக் காசில் பொருட்கள் வாங்கி, தானே சின்னச் சின்னச் சோதனைகளைச் செய்து பார்த்தார். புத்தகம் சொல்வது சரியா என்று தன் கண்ணால் பார்க்க வேண்டும். அதுதான் அவருடைய பழக்கம்.

நகரத்தில் அறிவியல் வகுப்பு ஒன்று நடந்தது. ஒரு தடவை போக ஒரு ஷில்லிங் வேண்டும். அவரிடம் அது இல்லை. கொல்லர் வேலை செய்த அண்ணா றொபேர்ட் அந்தக் காசைக் கொடுத்தார். அங்கே கிடைத்த நண்பர்கள் சிலரோடு மைக்கல் இன்னொரு வேலையும் செய்தார். அவர்கள் ஒன்றாக உட்கார்ந்து சத்தமாக வாசிப்பார்கள். ஒருவருடைய உச்சரிப்பை மற்றவர் திருத்துவார். நீங்கள் தமிழ் வகுப்பில் செய்கிறீர்களே, அதே மாதிரித்தான்.

ஒரு புத்தகம் கதவைத் திறந்தது

1812இல் கடைக்கு வந்த ஒருவர் மைக்கலுக்கு ரிக்கெற் கொடுத்தார். லண்டனில் றோயல் இன்ஸ்டிடியூஷன் என்ற இடத்தில் சேர் ஹம்ப்ரி டேவி பேசப் போகிறார். டேவி அந்தக் காலத்தின் பெரிய வேதியியல் அறிஞர். மைக்கல் நான்கு பேச்சுக்களைக் கேட்டார். கேட்டதை எல்லாம் எழுதினார். படங்களும் வரைந்தார். சுமார் 300 பக்கங்கள் வந்தன. புத்தகம் கட்டத்தான் அவருக்குத் தெரியுமே! அவற்றை அழகாகக் கட்டி டேவிக்கு அனுப்பி, வேலை கேட்டார்.

டேவிக்கு அது பிடித்திருந்தது. ஆனால் கொடுக்க வேலை இல்லை. சில மாதங்கள் கழித்து அங்கே வேலை செய்த ஓர் உதவியாளர் சண்டை போட்டதால் நீக்கப்பட்டார். 1813 மார்ச்சில் அந்த இடம் மைக்கலுக்குக் கிடைத்தது. வாரத்துக்கு 25 ஷில்லிங் சம்பளம். தங்குவதற்கு மேல்மாடியில் இரண்டு அறைகள்.

அதே வருடம் டேவியோடு அவர் ஐரோப்பாவைச் சுற்றப் போனார். பெரிய பெரிய அறிஞர்களைப் பார்த்தார். ஆனால் டேவியின் மனைவி அவரை ஒரு வேலைக்காரன் மாதிரியே நடத்தினார். மனம் வெறுத்துப்போய், எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திரும்பிப் போவோமா என்றுகூட மைக்கல் நினைத்தார். ஆனால் அவர் போகவில்லை. கற்பதற்கு இன்னும் நிறைய இருந்தது.

பத்து வருடக் கேள்வி

1820இல் டென்மார்க்கில் ஏர்ஸ்ரெட் என்ற அறிஞர் ஒரு புதுமையைக் கண்டார். கம்பியில் மின்சாரம் ஓடும்போது, பக்கத்தில் இருந்த திசைகாட்டியின் ஊசி அசைந்தது. அப்படியென்றால் மின்சாரம் காந்தத்தை உண்டாக்குகிறது!

அடுத்த வருடமே பரடே, மின்சாரம் ஓடும் ஒரு கம்பியைக் காந்தத்தைச் சுற்றிச் சுழல வைத்தார். இன்றைய மோட்டர்களுக்கு அதுதான் முதல் படி. பிறகு அவர் மனதில் ஒரு கேள்வி வந்தது. மின்சாரம் காந்தத்தை உண்டாக்கினால், காந்தம் மின்சாரத்தை உண்டாக்காதா?

பல அறிஞர்கள் இதை முயன்று பார்த்தார்கள். பரடேயும் திரும்பத் திரும்ப முயன்றார். கம்பிக்குப் பக்கத்தில் காந்தத்தை வைத்துப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. மாற்றி வைத்துப் பார்த்தார். அப்போதும் ஒன்றும் இல்லை. இப்படியே பத்து வருடங்கள் போயின.

1831 ஓகஸ்ட் 29ஆம் திகதி. பரடே ஓர் இரும்பு வளையத்தை எடுத்தார். அதன் ஒரு பக்கத்தில் ஒரு கம்பிச் சுருள். மறு பக்கத்தில் இன்னொரு கம்பிச் சுருள். இரண்டும் ஒன்றையொன்று தொடாது. முதல் சுருளைப் பற்றரியோடு சேர்த்தார். மின்சாரம் ஓடியதும் வளையம் காந்தமானது. இரண்டாவது சுருளுக்குப் பக்கத்தில், மின்சாரம் வந்தால் அசைகிற ஓர் ஊசி இருந்தது.

பற்றரியைச் சேர்த்த அந்த நொடியில் ஊசி துள்ளியது! பிறகு நின்றுவிட்டது. பற்றரியைக் கழற்றியபோது மறுபடியும் துள்ளியது. ஆனால் இந்த முறை எதிர்ப்பக்கம்.

மற்றவர்கள் ஏன் இதைக் காணவில்லை? மின்சாரம் தொடர்ந்து வரும் என்று எதிர்பார்த்தார்கள். அது வந்ததோ ஒரு நொடி மட்டும். பரடே அந்த ஒரு நொடியைக் கவனித்தார்.

ஒக்ரோபர் 17ஆம் திகதி அவர் இன்னொரு சோதனை செய்தார். கம்பி சுற்றிய ஒரு குழாய்க்குள் காந்தக் கட்டையைத் தள்ளினார். ஊசி துள்ளியது. காந்தத்தை உள்ளேயே வைத்திருந்தார். ஊசி அசையவில்லை. காந்தத்தை வெளியே இழுத்தார். ஊசி எதிர்ப்பக்கம் துள்ளியது.

இப்போது விடை கிடைத்துவிட்டது. சும்மா இருக்கும் காந்தம் மின்சாரம் தராது. காந்தம் அசைய வேண்டும், அல்லது அதன் பலம் மாற வேண்டும். மாற்றம் இருந்தால்தான் மின்சாரம்.

அந்தக் கண்டுபிடிப்பு உங்கள் காருக்குள்

இனித் திரும்பக் காருக்கு வருவோம். ஆல்டர்னேற்றருக்குள் நடுவில் ஒரு காந்தம் இருக்கிறது. அதைச் சுற்றி அசையாத கம்பிச் சுருள்கள். எஞ்சின் ஒரு பெல்ற் மூலம் அந்தக் காந்தத்தைச் சுற்றுகிறது. பரடே கையால் உள்ளே வெளியே தள்ளியதை எஞ்சின் மிக வேகமாகச் செய்கிறது. அவ்வளவுதான்!

காந்தத்துக்கு வடக்கு முனை, தெற்கு முனை என்று இரண்டு முனைகள் உண்டு. வடக்கு முனை சுருளைக் கடக்கும்போது மின்சாரம் ஒரு பக்கம் ஓடும். தெற்கு முனை கடக்கும்போது எதிர்ப்பக்கம் ஓடும். ஊஞ்சல் மாதிரி முன்னும் பின்னும். ஆனால் பற்றரிக்கு ஒரே பக்கமாக ஓடும் மின்சாரம்தான் வேண்டும். அதற்காக டையோட் என்ற சின்னப் பொருட்கள் இருக்கின்றன. அவை ஒரு வழிக் கதவுகள். அவற்றால் மின்சாரம் ஒரே பக்கமாகவே பற்றரிக்குப் போகிறது.

இன்னொரு சிக்கல் இருக்கிறது. சட்டன் ஹை ஸ்ட்ரீற் பக்கம் கார் மெதுவாகப் போகும். எம்25 பாதையில் வேகமாகப் போகும். எஞ்சின் வேகமாகச் சுற்றினால் காந்தமும் வேகமாகச் சுற்றும். அப்போது மின்சாரத்தின் அழுத்தம், அதாவது வோல்ற் அளவு, கூடிவிடும். அது மிகவும் கூடினால் விளக்குகள் எரிந்துபோகும், பற்றரியும் கெட்டுப்போகும். குறைந்தால் பற்றரி நிரம்பாது.

அதைக் காவல் காப்பது ரெகுலேற்றர். வீட்டில் பால் காய்ச்சுவதைப் பார்த்திருப்பீர்கள். பால் பொங்கி வந்தால் அம்மம்மா என்ன செய்வா? பாலைத் தொட மாட்டா. அடுப்பைக் குறைப்பா. பால் அடங்கினால் அடுப்பைக் கொஞ்சம் கூட்டுவா. ரெகுலேற்றரும் அப்படித்தான். ஆல்டர்னேற்றரின் நடுவில் இருப்பது மின்காந்தம். அதுவும் ஒரு கம்பிச் சுருள்தான். அதற்குள் கொஞ்சம் மின்சாரம் ஓடினால்தான் அது காந்தமாகும். வோல்ற் கூடினால் ரெகுலேற்றர் அந்தக் கொஞ்ச மின்சாரத்தைக் குறைக்கும். காந்தம் பலம் குறையும். வோல்ற்றும் இறங்கும். வோல்ற் குறைந்தால் காந்தத்தின் பலத்தைக் கூட்டும். இப்படி ஒரு நொடிக்குள் பல தடவை பார்த்துப் பார்த்துத் திருத்தும். 12 வோல்ற் பற்றரி உள்ள காரில், எஞ்சின் ஓடும்போது பொதுவாகச் சுமார் 14 வோல்ற் இருக்கும்படி அது பார்த்துக்கொள்ளும்.

உங்கட வீட்டில் மின்சாரக் காரா? அதில் ஆல்டர்னேற்றர் இல்லை. ஆனால் காரின் வேகத்தைக் குறைக்கும்போது, அதை ஓட்டும் மோட்டரே மின்சாரம் செய்து பற்றரிக்குத் திருப்பி அனுப்புகிறது. அதுவும் பரடே கண்டுபிடித்த அதே வழிதான்.

வெளிச்சவீடும் வெள்ளிப் பெட்டியும்

பரடே தன் கண்டுபிடிப்பை வைத்துப் பணக்காரராக முயலவில்லை. பிள்ளைகளுக்காகக் கிறிஸ்மஸ் காலத்தில் அறிவியல் பேச்சுக்கள் நடத்தினார். அவை இன்றும் றோயல் இன்ஸ்டிடியூஷனில் நடக்கின்றன. சேர் பட்டத்தை வேண்டாம் என்றார்.

கப்பல்களுக்கு வழிகாட்டும் வெளிச்சவீடுகளுக்கும் அவர் பல வருடங்கள் ஆலோசனை சொன்னார். 1858இல் டோவருக்குப் பக்கத்தில் உள்ள சவுத் போர்லண்ட் வெளிச்சவீட்டில் மின்விளக்கை ஏற்றிப் பார்த்தார்கள். நீராவி எஞ்சின் ஓர் இயந்திரத்தைச் சுற்றியது. அதற்குள் காந்தங்களும் கம்பிச் சுருள்களும் இருந்தன. பரடே அதைச் சோதித்துப் பார்த்தார். ஒரு நொடி துள்ளிய ஊசி, 27 வருடங்களில் கடலுக்கு வெளிச்சம் தந்தது.

1867 ஓகஸ்ட் 25ஆம் திகதி அவர் காலமானார். ஹைகேற் மயானத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது. பெரிய அலங்காரம் எதுவும் அதில் இல்லை.

அடுத்த முறை எலிபன்ட் அண்ட் காசில் போனால், அங்கே நிற்கும் பெரிய வெள்ளி நிறப் பெட்டியைப் பாருங்கோ. அது பரடேயின் நினைவுச் சின்னம். அது வெறும் பெட்டி இல்லை. அதற்குள் நிலத்தடி ரயிலுக்கான மின்நிலையம் இருக்கிறது. ஒரு பாணை ஒரு வாரத்துக்கு வைத்துச் சாப்பிட்ட பையன் பிறந்த இடத்தில், அவருடைய நினைவுச் சின்னமும் இன்று வேலை செய்துகொண்டே இருக்கிறது.

கதைப்போம்

1. மைக்கலுக்கு உதவி செய்தவர்கள் யார் யார்? ஒவ்வொருவரும் என்ன உதவி செய்தார்கள்?
2. காந்தத்தைக் குழாய்க்குள் அசையாமல் வைத்தபோது என்ன நடந்தது? ஏன்?
3. பால் காய்ச்சுவதும் ரெகுலேற்றர் வேலை செய்வதும் எப்படி ஒன்று போல இருக்கின்றன? வீட்டில் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ தமிழில் சொல்லிக் காட்டுங்கோ.
4. நீங்கள் பல தடவை முயன்று, கடைசியில் செய்து முடித்த ஒரு விஷயத்தைப் பற்றி ஐந்து வசனங்கள் எழுதுங்கோ.